பதினான்காம் நம்பர் செக்கரின் சாட்சி

மற்றவர்கள் ஊரிலிருந்து வெளிநாடு போய் வந்து பயணக் கட்டுரை எழுதுவார்கள். நான் வெளிநாட்டிலிருந்து திருப்பூருக்குப் போய் வந்து எழுதுகிறேன். பதினெட்டு வருடமாக மஸ்கட்டில் இருக்கிறவளுக்கு எது ஊர், எது வெளிநாடு என்பதே குழம்பிவிட்டது. பிறந்தது சாத்தான்குளம் பக்கம். ஆனால் யாராவது "உங்க ஊர் எது?" என்று கேட்டால் வாயில் முதலில் வருவது திருப்பூர்தான்.

பதினெட்டு வயதிலிருந்து இருபத்தேழு வரை அங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். தைத்து வருகிற ஒவ்வொரு பீஸையும் டியூப் லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தைத்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். குறை இல்லாவிட்டால் பாஸ். நான் பாஸ் செய்த ஒவ்வொரு பீஸ் கட்டிலும் என் நம்பர் எழுதிய சீட்டு இருக்கும். என் நம்பர் பதினாலு. ஒன்பது வருடம் குறை தேடியே பழகிய கண், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் சும்மா இருக்காது. ஆட்கள் மேலும் அம்பு ஒட்டும். கடவுளும் மேலே ஒரு செக்கிங் டேபிளில் உட்கார்ந்து என்னைப் போலவே ஸ்டிக்கரும் கையுமாக இருக்கிறார் என்றுதான் நான் வெகுகாலம் நம்பினேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு வடைச்சட்டி. மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூட கேன்டீனில் சமையல் வேலை செய்கிறேன். அங்கே வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. எங்கள் ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். ஞாயிறு எல்லாருக்கும் வேலை நாள். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, கொதிக்கிற எண்ணெய் என் இடது கையில் கொட்டிவிட்டது. சபைச் சகோதரிகள் முறை வைத்து ரசம் கொண்டுவந்தார்கள், துணி துவைத்துப் போட்டார்கள், ஜெபம் செய்தார்கள். "எதற்காக ஆண்டவர் உன்னை இப்படித் தொட்டார்?" என்று ஒருத்தியும் கேட்கவில்லை. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஈஸ்வரியின் விரல் ஞாபகம் வந்தது. அன்று ஆரம்பித்த அழுகை மூன்று நாள் நிற்கவில்லை.

ஈஸ்வரி எங்கள் கம்பெனியில் கழுத்துப் பட்டி தைக்கிற டைலர். உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண். என்னைவிட நாலு வயது சின்னவள். எங்கள் சபைக்கு அவளைக் கூட்டி வந்ததே நான்தான். ஒரு ஞாயிறு அவள் ஆராதனைக்கு வராமல் கம்பெனிக்குப் போனாள். அன்று மிஷின் ஊசி அவள் விரலில் இறங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு விரலில் கட்டோடு சபைக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆண்டவர் தங்களுக்குச் செய்ததை ஒவ்வொருவராகச் சொல்லும் சாட்சி நேரத்தில் நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். "நம் சகோதரி ஒருத்தி ஓய்வுநாளில் மிஷின் மிதித்தாள். ஆண்டவர் அவள் விரலையே தொட்டு எச்சரித்தார்" என்றேன். சபை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்றது. எல்லாரும் திரும்பிக் கட்டுப் போட்ட விரலைப் பார்த்தார்கள். ஈஸ்வரி எழுந்து, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். அதன்பிறகு சபைக்கு வரவே இல்லை. கம்பெனியிலும் என் டேபிள் பக்கம் வரவில்லை. சில மாதத்தில் எனக்குக் கல்யாணமாகி மஸ்கட் வந்துவிட்டேன்.

அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். "போய்ட்டு வா. இல்லன்னா இனி உனக்கு நீயே அம்பு ஒட்டிட்டுத் திரிவ" என்றார். அவள் எங்கே இருக்கிறாள், முகம் கொடுப்பாளா, எதுவும் தெரியாமல்தான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை மதியம் திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கினேன். வெளியே ஒரு டீக்கடை. "தீதி, என்ன வேணும்?" என்று டீ மாஸ்டர் இந்தியில் கேட்டார். மஸ்கட்டில் நான் அரபியைவிட இந்தியைத்தான் அதிகம் கற்றிருக்கிறேன். அதனால் நானும் இந்தியிலேயே சர்க்கரை குறைவாக ஒரு டீ கேட்டேன். எந்த ஊர், எப்போது வந்தீர்கள் என்று இந்தியிலேயே பேச்சு நீண்டது. கடைசியில் பார்த்தால் அவர் சிவகங்கைக்காரர். "வர்ற ஆளுகள்ல பாதிப் பேரு இந்திதான் பேசுறாக. நீங்களும் அப்படின்னு நெனச்சுட்டேன்" என்று சிரித்தார். தமிழ்நாட்டில் இரண்டு தமிழர்கள் பத்து நிமிடம் தப்புத் தப்பாக இந்தி பேசிக்கொண்டது திருப்பூரில்தான் நடக்கும்.

நொய்யல் பாலத்தைத் தாண்டும்போது பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஆற்றில் எந்த நிறம் ஓடுகிறதோ அந்த நிறத்தில்தான் அந்த வாரம் ஊரே பனியன் தைக்கிறது என்று கிண்டல் செய்வோம். நாங்கள் ஐந்து பெண்கள் குடியிருந்த லைன் வீடு இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நின்றது. ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஒரே கண்ணாடி. காலையில் ஐந்து பேரும் அந்தக் கண்ணாடியில் ஒரே நேரத்தில் தலை சீவியபடியே ஜெபம் செய்வோம். அவசரத்தில் ஒருத்தி "ஆமென்" சொல்லும்போது இன்னொருத்தி வாசல் தாண்டியிருப்பாள். அந்தக் கட்டடத்தின் முன் கொஞ்ச நேரம் நின்றேன். காவலாளி யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டதும் நடையைக் கட்டினேன்.

இரவுச் சாப்பாட்டை முன்னதாகவே ஒரு மெஸ்ஸில் முடித்தேன். அரிசிம்பருப்புச் சோறு, மேலே நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள அப்பளம். நான் திருப்பூர் வந்த புதிதில் இதைப் பார்த்து, "இது என்ன, சாம்பாரைச் சோற்றிலேயே கொட்டி வேகவைத்துவிட்டார்களா?" என்று முகம் சுளித்தேன். என் அம்பு ஸ்டிக்கர் சோற்றையும் விடவில்லை. பிறகு ஈஸ்வரி தினமும் தன் டிபன் பாக்ஸ் மூடியில் பாதியை எனக்கு வைத்துக் கொடுத்துப் பழக்கினாள். மெஸ்ஸில் முதல் வாய் வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். பரிமாறுகிறவர் காரம் அதிகமோ என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

சபை அதே இடத்தில், அதே பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில்தான் இருக்கிறது. ஆனால் ஆளே மாறிவிட்டது. அப்போது ஜன்னல் திரைகள் கட்டிங் டேபிளில் மிஞ்சிய துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தவை. ஒவ்வொரு திரையிலும் ஏழெட்டு நிறம் இருக்கும். கிறிஸ்துமஸுக்குச் சபைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி டீசர்ட்டில் வருவார்கள். யாரோ ஒருவருடைய கம்பெனியில் ஏதோ ஒரு லாட் ரிஜெக்ட் ஆகியிருக்கும். ஒரு வருடம் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மேய்ப்பர்கள் எல்லார் நெஞ்சிலும் ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரின் பெயர் இருந்தது. இப்போது ஏசி, கேமரா, பெரிய திரை. ஆராதனை செல்போனில் நேரடியாக வருகிறதாம்.

புதுப் போதகர் இளைஞர், தூத்துக்குடிக்காரர். நான் பழைய ஆள் என்றதும் சந்தோஷப்பட்டார். "ஞாயிறு ரெண்டு ஆராதனை நடக்கு அக்கா. காலைல ஆறு மணிக்கு ஒண்ணு, ஞாயிறு ஷிப்ட் போறவங்களுக்கு. ஒன்பது மணிக்கு ஒண்ணு. நீங்க ஒன்பது மணி ஆராதனைல சாட்சி சொல்லணும்" என்றார். ஞாயிறு ஷிப்ட் போகிறவர்களுக்கென்றே ஓர் ஆராதனை! இதை ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இது இருந்திருந்தால், என்று நினைக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். சாட்சி சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பழைய கம்பெனிக்குப் போகலாம் என்று எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்றேன். ஒரு பஸ் மெதுவாக வந்தது. கால் தானாக ஏறிவிட்டது. உட்கார்ந்திருந்த பெண்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். பழைய நாளில் கம்பெனி பஸ்ஸில் ஏறியது போலவே ஜன்னலோரம் சாய்ந்துகொண்டேன். பக்கத்துப் பெண் பூ முடித்திருந்தாள், மடியில் டிபன் பை. எல்லாம் அப்படியே இருக்கிறதே என்று உருகிப் போயிருந்தேன். கால் மணி நேரம் கழித்து அவள் கேட்டாள்: "நீங்க எந்த செக்சனுங்க? புதுசுங்களா?"

அது டவுன் பஸ் அல்ல, கம்பெனி பஸ்! இறங்க வேண்டும் என்றேன். "நடுவுல எங்கீங்க நிறுத்துவாங்க, கம்பெனி கேட்டுலதான் நிக்கும்" என்றாள். அதுவும் பல்லடம் ரோட்டில் எங்கேயோ இருக்கிற கம்பெனி. என் முகத்தைப் பார்த்துப் பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். முன்சீட்டில் ஒரு வடநாட்டுப் பெண் மட்டும் சிரிக்காமல் போனில் அம்மாவோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தாள். "இந்த ஞாயிறும் வேலை இருக்கும்மா. கோவிலுக்குப் போகலைன்னு கோபிச்சுக்காதே. நான் பஸ்ஸிலேயே கும்பிட்டுக்கறேன். சாமிக்கு நான் இருக்கிற இடம் தெரியாதா என்ன?" என் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கு இருபத்தேழு வயதில் தெரியாத விஷயம் இருபது வயதுகூட இருக்காத அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

கேட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, அது நடுவழியில் டயர் பஞ்சராகி, மீதி தூரம் நடந்து, பழைய கம்பெனிக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. கம்பெனி இல்லை. கல்யாண மண்டபம் ஆகியிருந்தது. எதிர் டீக்கடையில் விசாரித்தேன். எங்கள் கட்டிங் மாஸ்டர் காசிம் பாய் மட்டும் காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கிறார் என்றார்கள்.

கடைக்குப் போனபோது ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஜும்ஆ தொழுகைக்குப் போயிருக்கிறார் என்றார் பக்கத்துக் கடைக்காரர். வெள்ளிக்கிழமை அல்லவா! மஸ்கட்டில் இந்நேரம் நானும் ஆராதனையில் இருந்திருப்பேன். கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து எனக்குத் தெரிந்த பாட்டை முணுமுணுத்தேன். ஒரு மணி நேரத்தில் பாய் வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. நூறு அடுக்குத் துணியை ஒரே வெட்டில் அறுத்த கை இப்போது ஷட்டரைத் தூக்கவே சிரமப்பட்டது.

"ராணிம்மாவா? அட, பதினாலாம் நம்பரு!" என்றார். என் பெயரோடு என் நம்பரும் அவருக்கு ஞாபகம் இருந்தது. பிரியாணிப் பொட்டலம் வரவழைத்தார். சாப்பிட்டுக்கொண்டே ஈஸ்வரியைத் தேடி வந்திருக்கிறேன் என்றேன்.

"உடுமலை பக்கம் கணியூர்ல இருக்குதும்மா. ஷெட் போட்டு ஆறு மிஷின் வெச்சிருக்குது. நாந்தான் பீஸ் அனுப்பறேன். நல்ல வேலைக்காரி. அப்பவே அப்படித்தானே? உங்களுக்காக ஞாயித்துக்கிழம வந்து கைய ஓட்ட போட்டுக்கிச்சே."

கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. "எனக்காகவா?"

"ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?" பாய் கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு சொன்னார். அந்தச் சனிக்கிழமை மாலை பேக்கிங்கில் ஒரு கட்டைப் பிரித்தபோது ஈஸ்வரி பார்த்திருக்கிறாள். மீடியம் சைஸ் பீஸ்களில் லார்ஜ் லேபிள். கட்டு முழுவதும் அப்படித்தான். பாஸ் செய்த சீட்டில் நம்பர் பதினாலு. திங்கட்கிழமை காலை சரக்கு வாங்குகிற பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார். லேபிளை மாற்றி வைத்தது யாரோ ஒரு புது டைலர். ஆனால் பார்க்காமல் விட்டது செக்கர். மாட்டினால் செக்கர்தான் வெளியே போக வேண்டும்.

"சூப்பர்வைசர் கால்ல உழாத குறையாக் கெஞ்சுச்சு, யாருக்கும் சொல்லாதீங்க, நாளைக்கி நானே வந்து பிரிச்சுத் தெச்சுக் கொடுத்தர்றேன்னு. நான் திங்கக்கிழமைக்குத் துணி விரிக்க வந்திருந்தேன். ஹால்ல அது ஒண்ணுதான் மிஷின் மிதிச்சுட்டு இருந்துச்சு. ஒரு சத்தம். ஓடிப் பாத்தா நகத்துக்குள்ள ஊசி. வேஸ்ட் துணிய சுத்தி நாந்தான் என்ற வண்டில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். திரும்பி வந்து மிச்ச பீஸையும் முடிச்சுட்டுத்தான் போச்சு."

அந்தச் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மாலை பாடகர் குழுப் பயிற்சி. ஞாயிறு நான் தனியாகப் பாட வேண்டும். நேரமாகிவிட்டது என்று கடைசிக் கட்டுகளைக் பீஸின் கழுத்தைத் திருப்பி லேபிளைக்கூடப் பார்க்காமல் பாஸ் போட்டேன். ஆண்டவருக்காகத்தானே ஓடுகிறோம் என்ற நினைப்பு வேறு. நான் சபையில் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் என் தப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாய் வற்புறுத்தியும் பிரியாணிப் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டேன். முகவரி எழுதிய சீட்டைக் கொடுத்தார். அதை வாங்கும்போது, பேசாமல் மஸ்கட் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

சனிக்கிழமை காலை உடுமலை பஸ் ஏறினேன். பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றத் தொடங்கின. அப்புறம் தென்னந்தோப்புகள். மஸ்கட்டில் மொட்டை மலையையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணுக்கு இந்தப் பச்சை பெரிய விருந்து. ஆனால் அன்று எதையும் ரசிக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்கும் வசனத்தை மனசுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன். முதலில் வைத்திருந்த வசனம் இப்போது செல்லாது. அது கடுமையாகப் பேசியவள் கேட்கிற மன்னிப்பு; அந்த ஊசிக்கே காரணமானவள் கேட்க வேண்டியது வேறு. உடுமலையில் பஸ் மாறும்போது இளநீர்க்காரர், "வழுக்கை வேணுங்களா, தண்ணி மட்டும் போதுங்களா?" என்று இரண்டு தரம் கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது.

கணியூரில் தோப்புக்கு நடுவே ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். மிஷின் சத்தம் ரோட்டிலேயே கேட்டது. வாசலில் நின்றேன். உள்ளே நாலைந்து பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மிஷினில் கண்ணாடி போட்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள். மிஷின் நின்றது.

"ராணியக்காதானுங்களே?" என்றாள். எழுந்து வந்தாள். "வாங்க்கா. வெயில்ல நிக்கறீங்க, உள்ள வாங்க."

சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கொடுத்த கையைப் பார்த்தேன். இடது ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்து, இரண்டாக வளர்ந்திருந்தது. பஸ்ஸில் எழுதி வைத்த வசனமெல்லாம் மறந்துபோயிற்று.

"ஈஸ்வரி, நேத்துதாம்மா பாய் சொன்னாரு. அது என் லாட்டுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் நான் அப்படிப் பேசிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிரு" என்று அழுதேன். மற்ற பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஈஸ்வரி அழவில்லை. ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கி உங்ககிட்டச் சொல்லத்தானுங்க சபைக்கே வந்தேன். முடிஞ்சொடனே தனியாக் கூப்புட்டு, லேபிளக் கொஞ்சம் பாத்துப் போடுங்க்கான்னு சொல்லோணும்னு. அதுக்குள்ள நீங்க மைக்கப் புடிச்சிட்டீங்க."

சொம்பைக் கீழே வைத்தேன்.

"ஊசி எறங்குனப்ப இயேசப்பான்னுதானுங்க கத்துனேன். அவுரு பக்கத்துல இருக்கறாப்பலயே இருந்துச்சு. வலிச்சுது, ஆனா பயமே இல்லீங்க. அடுத்த வாரம் நீங்க சொல்றீங்க, குத்துனதே அவருதான்னு. உங்களுக்குத்தானுங்க அவரப் பத்தி எல்லாந் தெரியும், எனக்கென்ன தெரியும்னு நெனச்சேன். ரெண்டு வருசம் அவருகிட்டப் பேசவே பயந்துட்டு இருந்தேனுங்க்கா. விரலு வலி ஒரு மாசத்துல போயிருச்சு. அந்த பயந்தான் போவுல."

வெளியே தென்னை மட்டை ஒன்று விழுந்தது. அவள் எழுந்து போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "இப்பப் பேசறேனுங்க. மிஷின்ல உக்காந்தாப் பேசிட்டேதான் இருப்பேன். அவுரு அப்பிடிப்பட்டவரு இல்லீன்னு எனக்கே தெரிஞ்சிருச்சு. ஆனா அன்னிக்கி அங்க உக்காந்திருந்தவங்களுக்குத் தெரியாதுங்களே? அவிய இன்னிக்கும் அப்பிடியேதான நெனச்சிட்டு இருப்பாங்க? எங்கிட்ட அழுது என்னங்க்கா ஆவப்போவுது? மைக்குல சொன்னத மைக்குலயே சொல்லுங்க."

"நாளைக்கே சொல்றேன். நீயும் வா" என்றேன்.

"நாளைக்கி பொழுதோட பாய்க்கு டெலிவரிங்க. ஞாயித்துக்கிழமதான். வர முடியாது" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை. மறுபடி மிஷினில் போய் உட்கார்ந்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் டிக்கெட் வாங்க மறந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணி. சபை நிறைந்திருந்தது. முன்வரிசையில் என் காலத்து முகங்கள் நாலைந்து தெரிந்தன. போதகர், "மஸ்கட்டிலிருந்து வந்திருக்கும் நம் சகோதரி ஜெயராணி, ஆண்டவர் தன்னை ஆசீர்வதித்த விதத்தைச் சாட்சியாகச் சொல்லுவார்கள்" என்று அழைத்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தேன். அன்று ஒரு கையே போதுமாக இருந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பல வருடத்துக்கு முன்னால் இதே இடத்தில் நின்று நான் ஆண்டவரைப் பற்றி ஒரு பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன். ஈஸ்வரியின் பெயரைச் சொன்னேன். லேபிளைச் சொன்னேன். பாடகர் குழுவுக்கு ஓடிய அவசரத்தைச் சொன்னேன். "விரலில் ஊசி ஏற்றுகிறவர் என்று நான் அவரைப் பற்றிச் சொன்னதற்கு நீங்கள் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அதை இப்போது திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் பதினெட்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்குப் போகிறேன். ஒரு ஞாயிறு கையில் எண்ணெய் கொட்டியது உண்டு. ஆனால் அவர் என்னை ஒருநாளும் குத்தவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தச் சபையில் அவருக்குப் பிரியமான வேலை செய்தது ஒரே ஒருத்திதான். அவள் அன்று சபைக்கு வரவில்லை."

இந்த முறை யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. எங்கோ ஒரு குழந்தை தும்மியது. முன்வரிசையில் ஓர் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். போதகர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பாட்டு எண்ணைச் சொன்னார். நான் பாட்டு முடியும்வரை நிற்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். அவள் இறங்கிய அதே படிகள்.

கணியூர் போய்ச் சேரும்போது மணி இரண்டு. ஷெட்டில் ஆறு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஈஸ்வரியின் மிஷினில் நூல் கோன் மேல் செல்போன் சாய்த்து வைத்திருந்தது. திரையில் காலை ஆராதனையை நிறுத்தி வைத்திருந்தாள்; எங்கள் சபை மேடையும், ஆளில்லாத மைக்கும் அசையாமல் நின்றன. அவள் கண் சிவந்திருந்தது. நான் வாசலில் நிற்பதைப் பார்த்தாள். எழுந்து வரவில்லை.

காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினாள். பிறகு பக்கத்தில் கட்டி வைத்திருந்த ஒரு கட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். மேலே ஒரு இன்ச் டேப்பையும் போட்டாள்.

"மீடியம், லார்ஜ் ரெண்டும் கலந்திருக்குதுங்க. சைஸ் லேபிளப் பாத்துப் பிரிச்சு வைங்க்கா" என்றாள். மிஷினை மிதிக்கப் போனவள் நிறுத்தித் திரும்பினாள். "இந்த வாட்டியாச்சும் ஒழுங்காப் பாருங்க."

ஷெட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

முதல் பீஸை எடுத்துக் கழுத்தைத் திருப்பினேன். லேபிளில் எம் என்று இருந்தது. டேப் வைத்து அளந்தேன். எம்தான். அடுத்ததை எடுத்தேன்.